வாடகைக் குடியிருப்புக்கு இணையதளம்: முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள்

பழைய மகாபலிபுரம் சாலையில், நாவலூர் தாண்டிப் படூர் பக்கம் ஒரு வாடகைக் குடியிருப்பு. கீழே வண்டி நிறுத்தம், மேலே நான்கு மாடி, மாடிக்கு எட்டு வீடு, ஆக 32 வீடுகள். அத்தனையும் ஒரே குடும்பத்துக்குச் சொந்தம். அவர்களுக்கு இணையதளம் செய்து கொடுத்தபோது கற்றுக்கொண்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களுடையது கோவை சரவணம்பட்டியில் 12 வீடாக இருக்கலாம், மதுரை கே.கே. நகரில் ஆறு வீடாக இருக்கலாம். வேலை ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டுக்காரரே படித்துவிட்டுச் செய்யலாம். இணையதளம் வடிவமைக்கப் புதிதாகக் கற்றுக்கொண்டிருப்பவருக்கும் உதவும்.

வீடு தேடி வருகிறவரை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். சிறுசேரியில் முதல் வேலை கிடைத்த பையன், திருச்சியிலிருந்து அப்பா அம்மாவோடு இரவு பஸ் ஏறி வந்திருப்பான். கையில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. கேளம்பாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை வெயிலில் ‘டு-லெட்’ பலகைகளைப் பார்த்துப் பார்த்து நம்பரைப் போனில் அடிக்க வேண்டும். அரை மணி நேரம் ஆட்டோவில் போய் இறங்கியதும், “பேச்சிலருக்குக் கொடுக்கறதில்லைப்பா” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நம் இணையதளம் அவனுக்குச் செய்ய வேண்டியது ஒரே உதவி: இந்த வீட்டைப் பார்க்கக் கிளம்பலாமா, வேண்டாமா என்பதை அவன் ஊரிலிருந்தபடியே முடிவு செய்ய வேண்டும். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

முதல் படி: ஒரு வாரம் போனை எழுதி வையுங்கள்

கணினியைத் திறக்காதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, போன் எடுப்பவர் கையில் கொடுங்கள். யார் கூப்பிட்டாலும் அவர்கள் கேட்ட கேள்வியை, கேட்ட வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள்.

படூரில் மேனேஜர் அண்ணன்தான் எழுதினார். ஒரு வாரம் கழித்து நான் போனபோது, “மொத்தம் அறுபத்தி மூணு போன் தம்பி. எல்லாரும் ஒரே ஏழெட்டுக் கேள்வியத்தான் திருப்பித் திருப்பிக் கேக்கறாங்க” என்று நோட்டை நீட்டினார். பால்பாயிண்ட் பேனாவில், கோணல்மாணலாக இப்படி இருந்தது: வாடகை எவ்ளோ? அட்வான்ஸ் எத்தன மாசம்? தண்ணி நல்ல தண்ணியா, உப்பா? பேச்சிலர் ஓகேவா? ஈபி தனி மீட்டரா? கார் நிறுத்த இடம் இருக்கா? மழையில தண்ணி நிக்குமா? ரோட்டுல இருந்து எவ்ளோ உள்ள?

நீச்சல் குளம் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. “கனவு இல்லம்” என்ற சொல் அந்த நோட்டில் எங்கும் இல்லை. ஆனால் ஊரில் உள்ள பாதி வாடகை இணையதளங்களைத் திறந்தால், வெளிநாட்டுக் குடும்பம் சோபாவில் சிரிக்கும் படமும் கனவு இல்லமும்தான் முதலில் வந்து நிற்கும். வாடகையைத் தேடினாலும் கிடைக்காது.

அந்த நோட்டுதான் உங்கள் இணையதளத்தின் வரைபடம். அதிகம் கேட்ட கேள்வி மேலே, குறைவாகக் கேட்டது கீழே. வேறு திட்டம் தேவையில்லை.

இரண்டாம் படி: ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி

கூகுள் ஷீட்டில் ஒரு அட்டவணை போடுங்கள். வீட்டு எண், மாடி, எத்தனை படுக்கையறை, வாசல் எந்தத் திசை, கார்பெட் ஏரியா (சுவர்களுக்கு உள்ளே கிடைக்கும் தரைப் பரப்பு), வாடகை, மெயின்டனன்ஸ், அட்வான்ஸ், பார்க்கிங், எந்தத் தேதியில் காலி. 32 வீட்டுக்கும் நிரப்பி முடிக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. அலுப்பான வேலைதான், ஆனால் இதைச் சரியாகச் செய்துவிட்டால் பிற்பாடு எல்லாம் இதிலிருந்தே வந்துவிடும்.

பரப்பளவில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். கட்டடம் விற்கிறவர்கள் சொல்லும் சதுர அடியில் சுவர், படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா எல்லாம் சேர்ந்திருக்கும். வாடகைக்கு வருகிறவருக்குத் தேவை, கட்டில் பீரோ போட எவ்வளவு இடம் என்பது. அதனால் கார்பெட் ஏரியாவை எழுதுங்கள். அதோடு ஒவ்வொரு அறையின் நீள அகலத்தையும் டேப் வைத்து அளந்து அடியில் போடுங்கள். “பெரிய படுக்கையறை 11 அடிக்கு 10 அடி” என்று பார்த்ததும், தன் கட்டில் நுழையுமா என்று ஒருவர் வீட்டிலேயே கணக்குப் போட்டுவிடுவார்.

வாடகையை எழுதத்தான் வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள். “போன் பண்ணட்டும், ஆளைப் பார்த்துச் சொல்லிக்கலாம்” என்பார்கள். எங்கள் வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார். “சார், நோட்டைப் பாருங்க. அறுபத்தி மூணு போன்ல வாடகை கேட்டதும் கட் பண்ணிட்டுப் போனவங்க எத்தனை பேர்னு அண்ணன் எழுதியிருக்கார்” என்றேன். எண்ணிப் பார்த்தார். முப்பத்தி ஒன்று. அந்த முப்பத்தி ஒரு பேருக்கும் போன் எடுத்துப் பதில் சொன்னது வீண். அன்றைக்கே சம்மதித்துவிட்டார். வாடகை 18,500, மெயின்டனன்ஸ் 2,000, ஆக மாதம் 20,500 என்று மூன்றையும் சேர்த்து எழுதினோம். வாடகையைக் குறைத்துக் காட்டி மெயின்டனன்ஸை வாசலில் வைத்துச் சொல்வது வருகிறவருக்குச் செய்யும் அநியாயம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மூன்றாம் படி: தண்ணீர், ஈபி, மழை

சென்னையில், அதுவும் இந்தச் சாலையில், வாடகைக்கு அடுத்த கேள்வி தண்ணீர்தான். “24 மணி நேரமும் தண்ணீர் வசதி” என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். எங்கிருந்து வருகிறது என்று எழுதுங்கள். போர் தண்ணீரா, லாரியா, குழாய் இணைப்பா? குளிக்க ஒன்று, குடிக்க ஒன்றா? எங்கள் பக்கத்தில் இப்படி எழுதினோம்: “போர் தண்ணீர் குளிக்க, துவைக்க. கொஞ்சம் உப்பு, வாளியில் வெள்ளையாகப் படியும். கோடையில் போர் இறங்கினால் 12,000 லிட்டர் லாரி வரவழைப்போம். அதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை. குடிக்கக் கேன் தண்ணீர் நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும்.” வெள்ளையாகப் படியும் என்று யாராவது விளம்பரத்தில் எழுதுவார்களா என்று வீட்டுக்காரரின் மகன் கேட்டார். குடி வந்த முதல் வாரமே பார்க்கப்போகிறார்கள், முன்கூட்டிச் சொன்னால் ஏமாந்த உணர்வு வராது என்றேன். அந்த வரியைப் படித்துவிட்டு, “உண்மையைச் சொல்றீங்க, அதான் வந்தோம்” என்று சொன்ன குடும்பம் இன்றும் மூன்றாம் மாடியில் இருக்கிறது.

ஈபிக்கும் அதே நேர்மை. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பார்கள். முதலில் குறிப்பிட்ட யூனிட்டுகள் வரை கட்டணம் இல்லை. தனி இணைப்பாக இருந்தால் அந்தச் சலுகை குடியிருப்பவருக்கு நேராகப் போய்ச் சேரும். ஒரே இணைப்பில் சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வாங்கினால் போகாது. அதனால்தான் அந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். தனி மீட்டர் என்றால் பெரிதாகப் போடுங்கள். சப்-மீட்டர் என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு என்றும் எழுதிவிடுங்கள். ஜெனரேட்டர் இருந்தால், அது லிஃப்ட்டுக்கும் மோட்டாருக்கும் மட்டுமா, வீட்டுக்குள் ஃபேன், லைட்டும் ஓடுமா என்பதையும் சேருங்கள்.

மழை விஷயத்தில் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் சென்னையில் யாரும் மறக்கவில்லை. அந்த இரண்டு முறையும் உங்கள் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது, எத்தனை நாளில் வடிந்தது என்று இரண்டு வரி எழுதினால் போதும். வீட்டுக்குள் வராமல் தெருவில் முழங்கால் அளவு நின்றது என்றால் அதையே எழுதுங்கள். கீழ்த்தளத்தில் பைக் நிறுத்தப்போகிறவருக்கு அது மிகவும் முக்கியம்.

நான்காம் படி: படங்கள்

இதற்கு ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள். கேமரா வாடகைக்கு எடுக்க வேண்டாம், நல்ல போன் ஒன்று போதும். லென்ஸை மட்டும் ஒரு துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். பாதிப் படங்கள் மங்கலாக வருவதற்குக் காரணம் கைரேகைதான்.

காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை நல்ல வெளிச்சம். ஜன்னலைத் திறந்து, விளக்கையும் போட்டுவிடுங்கள். போனைப் படுக்கை வாட்டில், நெஞ்சு உயரத்தில் பிடியுங்கள். அறையின் மூலையில் நின்று எதிர் மூலையைப் பார்த்து எடுத்தால் இரண்டு சுவரும் தரையும் தெரியும். போன் கேமராவில் 0.5x என்று இருக்கும் அரை மடங்கு அகலக் கோணத்தில் எடுத்தால் 10 அடி அறை கல்யாண மண்டபம் மாதிரித் தெரியும். நேரில் வந்தவர் முகம் விழுந்துவிடும். ஒரு மடங்கிலேயே எடுங்கள்.

எதை எடுப்பது? ஹாலையும் படுக்கையறையையும் எல்லோரும் எடுத்துவிடுவார்கள். விட்டுப்போவது சமையலறையும் குளியலறையும். வீட்டுப் பெண்கள் முதலில் கேட்பதே அதுதான். கிரானைட் மேடை எவ்வளவு நீளம், சிலிண்டர் எங்கே நிற்கும், கிரைண்டருக்குப் பிளக் பாயின்ட் இருக்கிறதா, லாஃப்ட் எவ்வளவு ஆழம், வாஷிங் மெஷினுக்கு எங்கே குழாய், துணி எங்கே காயும். இவை ஒவ்வொன்றும் படத்தில் தெரிய வேண்டும். கழிவறை இந்திய வகையா, வெஸ்டர்னா என்பதும் தெரியட்டும். முட்டி வலி உள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அதை வைத்துத்தான் முடிவே எடுப்பார்கள். அப்புறம் கேட், படிக்கட்டு, லிஃப்ட், வண்டி நிறுத்தம், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வரும் தெரு. இரவு எட்டு மணிக்கு அந்தத் தெருவில் விளக்கு எரியும் படம் ஒன்றையும் சேருங்கள். தனியாக வேலைக்குப் போய்வரும் பெண்கள் அதைத் தேடிப் பார்ப்பார்கள்.

குடியிருப்பவர் இருக்கும் வீட்டைப் படம் எடுப்பதாக இருந்தால், இரண்டு நாள் முன்பே கேளுங்கள். அவர்கள் சாமி படம், குழந்தைகள் போட்டோ, கொடியில் தொங்கும் துணி எதுவும் வெளியே போகக்கூடாது. காலியான பிறகு பெயின்ட் அடித்துவிட்டு எடுப்பதே மரியாதை.

எடுத்த படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். போன் படம் ஒன்று நான்கைந்து எம்பி இருக்கும். 1,600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெப்-பி (WebP) என்ற பட வடிவத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் 200 கேபி பக்கம் வந்துவிடும், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 வினாடிக்குள் திரையில் வந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். சுருக்காத 20 படங்களோடு அது நடக்காது. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் குடியிருப்பின் பெயரையும் போன் நம்பரையும் மெல்லிய எழுத்தில் பதித்துவிடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வீடியோ வேண்டுமென்றால் ஒன்றரை நிமிடம் போதும். வாசலில் தொடங்கி, ஒரே நடையில் பால்கனி வரை. பாட்டுச் சேர்க்காதீர்கள், குழாயைத் திறந்து தண்ணீர் வரும் வேகத்தைக் காட்டுங்கள்.

ஐந்தாம் படி: போன் திரையில் முதல் பக்கம்

வீடு தேடுகிறவர் கையில் இருப்பது போன்தான். கூகுளும் இப்போது போனில் தெரியும் வடிவத்தை வைத்துத்தான் பக்கங்களைப் பட்டியலிடுகிறது. எனவே கணினித் திரைக்கு வரைந்துவிட்டுப் பிறகு போனுக்குச் சுருக்குவது தலைகீழ் வேலை. ஒரு தாளை எடுத்துப் போன் அளவுக்குக் கட்டம் போட்டு அதில் வரையுங்கள்.

விரல் வைத்துத் தள்ளாமலே தெரிய வேண்டியவை இவ்வளவுதான்: குடியிருப்பின் பெயரும் ஊரும், உண்மையான கட்டடத்தின் ஒரு படம், இன்றைக்கு எத்தனை வீடு காலி, வாடகை எதிலிருந்து எதுவரை, போன் செய்ய ஒரு பட்டன், வாட்ஸ்அப்புக்கு ஒரு பட்டன். தானாக நகரும் படங்கள் வேண்டாம். படிப்பதற்குள் ஓடிவிடும். திறந்தவுடன் முகத்தை மறைக்கும் “உங்கள் நம்பரைக் கொடுங்கள்” பெட்டியும் வேண்டாம்.

அதன் கீழே காலி வீடுகளின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தின் முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமும் வாடகையும் முன்னோட்டமாகத் தெரியும்படி செய்யுங்கள். வீட்டை முடிவு செய்வது ஒருவர் இல்லையே. மனைவி, மாமியார், ஊரில் இருக்கும் அப்பா என்று நான்கு பேருக்கு அது போகும்.

தமிழ் எழுத்தில் சில விஷயங்கள் புதியவர்களுக்குத் தெரிவதில்லை. தமிழில் மேலேயும் கீழேயும் சுழிகள் வரும் என்பதால் வரிகளுக்கு இடையே ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடம் விட வேண்டும், எழுத்தளவைப்போல் 1.7 மடங்கு வைத்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை ஆகிய எழுத்துருக்கள் இலவசம், போனில் தெளிவாகத் தெரியும். ஒன்றுக்கு மேல் போடாதீர்கள், பக்கம் கனத்துவிடும். பட்டனில் “தொடர்புகொள்ளுங்கள்” என்று எழுதினால் இரண்டு வரியாக உடையும். “பேச”, “வீடு பார்க்க” என்று எழுதினால் அழகாக நிற்கும். டைப் அடித்துத் தரும் கடையில் வாங்கிய பழைய பாமினி எழுத்துரு வாசகத்தை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். எல்லாப் போனிலும் தெரியும் யூனிகோடு எழுத்து முறைக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். வெளிர் சாம்பல் நிற எழுத்தைத் தவிருங்கள். பின்னணிக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட அணுகல் நெறி. சந்தேகமாக இருந்தால் மதியம் ஒரு மணிக்கு மொட்டை மாடியில் நின்று போனில் படித்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

ஆங்கிலத்திலும் அதே பக்கம் இருக்கட்டும். இந்தச் சாலையில் ஆந்திராவிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் வருகிறவர்கள் நிறைய. மொழிபெயர்ப்பைக் கருவியிடம் விட்டுவிடாமல் ஒருவர் படித்துத் திருத்துங்கள். “நல்ல தண்ணி” எப்படியெல்லாம் மாறும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

ஆறாம் படி: விதிகளையும் அட்வான்ஸையும் வெளிப்படையாக எழுதுவது

இது சங்கடமான பக்கம். அதனாலேயே இதற்குத்தான் மதிப்பு அதிகம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்குவது நெடுநாள் பழக்கம். தமிழ்நாட்டில் வீட்டுக்காரர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இரு தரப்புக்கும் வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது அது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் இணையவழியில் பதிவு செய்ய வேண்டும். 11 மாதம்தானே, பதிவு வேண்டாம் என்ற பழைய கணக்கு இதற்குப் பொருந்தாது.

ஆகவே எழுதுங்கள்: அட்வான்ஸ் எத்தனை மாதம், ஒப்பந்தத்தைப் பதிவு செய்து தருவீர்களா, காலி செய்ய எத்தனை மாதம் முன்பே சொல்ல வேண்டும், பெயின்டிங்குக்கு எவ்வளவு கழிப்பீர்கள், மீதியை எத்தனை நாளில் தருவீர்கள், ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வாடகை கூடும். இந்த ஆறுக்கும் தெளிவான பதில் இருக்க வேண்டும், பதிவைத் தவிர மற்றதெல்லாம் எண்ணில். காலி செய்யும் நாளில் பெயின்டிங்குக்காக நடக்கும் சண்டையை நான் என் சொந்த வாடகை வீட்டில் பார்த்திருக்கிறேன். குடி வரும் முன் ஒரு வரி எழுதியிருந்தால் அது நடந்தே இருக்காது. வாடகை ரசீதும் வீட்டுக்காரரின் பான் எண்ணும் தருவோம் என்றும் சேருங்கள். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், வீட்டு வாடகைப்படிக்கு வரிச்சலுகை கேட்கும் ஊழியரிடம் கம்பெனி வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கேட்கும்.

பேச்சிலர், செல்லப்பிராணி, விருந்தினர், அசைவம் என்று உங்கள் வீட்டில் எது எப்படியோ அதை முதலிலேயே எழுதுங்கள். ஆனால் சாதியையும் மதத்தையும் கேட்டு வீடு கொடுப்பது என்பது என் பார்வையில் எழுதத்தகாதது மட்டும் இல்லை, செய்யத்தகாதது. அப்படி ஒரு வரி போடச் சொன்ன ஒருவருக்கு நான் வேலை செய்யவில்லை.

ஏழாம் படி: பேசுவதும் நம்பர் வாங்குவதும்

படிவம் வைத்தால் நான்கு கேள்வி போதும்: பெயர், போன், எந்த வீடு, எப்போது பார்க்க வர முடியும். ஆதார் நகல், சம்பளச் சீட்டு, கம்பெனி அடையாள அட்டை எதையும் இணையதளத்தில் ஏற்றச் சொல்லாதீர்கள். 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, சம்மதம் பெற்று, தேவையானதை மட்டும் வாங்கச் சொல்கிறது. ஒப்பந்தம் போடும் நாளில் நேரில் வாங்கிக்கொள்ளலாம்; அப்போதும் முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதார் நகல் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பட்டனைத் தொட்டதும் நேராகப் போன் போக வேண்டும். வாட்ஸ்அப் பட்டனைத் தொட்டால், “வீட்டு எண் 304 பார்த்தேன், நேரில் வரலாமா?” என்ற வாசகம் முன்பே நிரம்பியிருக்க வேண்டும். அப்போதுதான் எந்த வீடு என்று திரும்பக் கேட்க வேண்டியிருக்காது. எந்த நேரத்தில் போன் எடுப்பீர்கள் என்பதையும் பட்டனுக்குக் கீழே எழுதுங்கள்.

படத்தில் பெயரைப் பதிக்கச் சொன்னேனே, காரணம் இதுதான். காலி வீடுகளின் படத்தைத் திருடி, தங்கள் வீடு மாதிரி வேறிடத்தில் போட்டு, பாதி வாடகை சொல்லி, “நிறைய பேர் கேக்கறாங்க, டோக்கன் அட்வான்ஸ் ஐயாயிரம் ஜிபே பண்ணுங்க” என்று வாங்கிக்கொண்டு மறைந்துவிடும் கூட்டம் இருக்கிறது. எங்கள் கேட் வாசலில் ஒரு பெண் பெட்டியோடு வந்து நின்றாள். அவள் போனில் எங்கள் வீட்டுப் படம். பணம் போன நம்பர் எங்களுடையது இல்லை. அன்று மாலையே எல்லாப் படத்திலும் பெயர் பதித்தோம். முதல் பக்கத்தில் சிவப்பில் ஒரு வரியும் வந்தது: “வீட்டை நேரில் பார்க்காமல் யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள். நாங்கள் அப்படிக் கேட்பதில்லை.”

எட்டாம் படி: பெயர், இடம், கருவி

டொமைன் பெயரை, அதாவது இணையதள முகவரியை, டாட் இன் முடிவோடு வாங்குங்கள். ஆண்டுக்குப் பெரிய செலவு இல்லை. ஆனால் அது கட்டாயம் வீட்டுக்காரரின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில், அவருடைய போன் நம்பரில் பதிவாக வேண்டும். படூர் குடும்பத்துக்கு வேறொருவர் முன்பு செய்து கொடுத்த இணையதளம், செய்தவர் பெயரிலேயே பதிவாகியிருந்தது. புதுப்பிக்கும் நேரத்தில் அவர் போனே எடுக்கவில்லை. பலகையில் எழுதியிருந்த முகவரி வேறு யார் கைக்கோ போய்விட்டது. வடிவமைப்பாளர்களுக்கும் சொல்கிறேன்: சாவியை உரியவரிடம் கொடுத்துவிட்டு வேலை செய்யுங்கள்.

இணையதளம் செய்யும் கருவிக்கு, பத்து வீட்டுக்குள் என்றால் கூகுள் சைட்ஸ் இலவசமாகவே போதும். அதற்கு மேல் வேர்ட்பிரஸ் வசதி. மேனேஜரே போனிலிருந்து மாற்றலாம். பூட்டுக் குறி உள்ள பாதுகாப்பான இணைப்பு அவசியம். அதற்கான சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது, இணையதளத்தை வைத்திருக்க இடம் தரும் பெரும்பாலான ஹோஸ்டிங் சேவைகளில் ஒரு பட்டனில் முடிந்துவிடும்.

கூகுள் வரைபடத்தில் குடியிருப்பைப் பதிவு செய்வது இணையதளத்துக்கு இணையான வேலை. குண்டூசியைக் கட்டடத்தின் நடுவில் குத்தாமல், கேட் வாசலில் குத்துங்கள். எங்களுடையது முதலில் பின்பக்கத் தெருவில் விழுந்திருந்தது. வந்தவர்கள் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து நின்றார்கள். வழியையும் எழுத்தில் சொல்லுங்கள்: எந்த பஸ் நிறுத்தம், இறங்கி எத்தனை நிமிட நடை, எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் எங்கே யு-டர்ன். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரையிலான மெட்ரோ மூன்றாம் வழித்தடப் பணியால் யு-டர்ன்கள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. அந்த வரியை நாங்கள் பலமுறை திருத்த வேண்டி வந்தது. “மெட்ரோ நிலையம் அருகில்” என்று மட்டும் இப்போதே எழுதாதீர்கள். ரயில் ஓடும்போது எழுதலாம்.

ஒன்பதாம் படி: காலி என்றால் காலியாக இருக்க வேண்டும்

இதில் நாங்கள் ஒரு முறை தவறினோம். வியாழக்கிழமை 207-க்கு அட்வான்ஸ் வாங்கியாயிற்று. யாரும் பக்கத்தை மாற்றவில்லை. ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு மதுரையிலிருந்து ஒரு குடும்பம் அந்த வீட்டைப் பார்க்கவென்றே கார் பிடித்து வந்து இறங்கியது. கைக்குழந்தை வேறு. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, படியில் உட்கார்ந்து குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தார். போனில் எங்கள் பக்கம் திறந்தபடியே இருந்தது, “207 காலி” என்று.

அதற்குப் பிறகு வைத்த ஏற்பாடு இது. அட்வான்ஸ் ரசீது எழுதும் கையே கூகுள் ஷீட்டில் “முடிந்தது” என்று மாற்ற வேண்டும். மாற்றிய பிறகுதான் ரசீதில் கையெழுத்து. ஷீட்டிலிருந்து பக்கத்துக்குத் தானாகப் போகும்படி இணைத்துவிட்டோம். ஒவ்வொரு வீட்டின் கீழும் “கடைசியாகச் சரிபார்த்தது” என்று தேதி இருக்கும். மூன்று நாளாக யாரும் சரிபார்க்கவில்லை என்றால், “வருமுன் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்” என்ற வரி தானாகவே மேலே வந்துவிடும். இணைப்பெல்லாம் செய்யத் தெரியாவிட்டால் பரவாயில்லை. தினமும் காலை பத்து மணிக்கு போனில் அலாரம் வைத்துக் கையால் மாற்றினாலும் போதும்.

குடியிருப்பவர்களுக்கு ஒரு பக்கம்

ஏற்கெனவே இருக்கிற 32 குடும்பத்துக்கும் இந்தத் தளத்தில் இடம் வேண்டும். தொட்டி கழுவும் நாள், பிளம்பர் எலக்ட்ரீஷியன் நம்பர், குப்பை எடுக்கும் நேரம், பழுது சொல்ல ஒரு சின்னப் படிவம். குடியிருப்பவர்களின் பெயர், வீட்டு எண், போன் நம்பர் பட்டியலை மட்டும் எக்காரணம் கொண்டும் பொதுப் பக்கத்தில் போடாதீர்கள். பழுதுப் படிவத்துக்கு 24 மணி நேரத்துக்குள் யாராவது பதில் சொல்வார்கள் என்றால் வையுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

வெளியிடும் முன், அப்புறம் மூன்று மாதம் கழித்து

ஏழெட்டாயிரம் ரூபாய்ப் போன் ஒன்றை வாங்கி, வைஃபையை அணைத்துவிட்டு, லிஃப்ட் பக்கத்தில் சிக்னல் குறைந்த இடத்தில் நின்று பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிறகு இணையதளமே தெரியாத ஒரு பெரியவரிடம் கொடுத்து, “இரண்டாம் மாடியில் கிழக்கு வாசல் வீடு வாடகை எவ்வளவு?” என்று கேளுங்கள். ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் கை நீட்டிக் காட்டக்கூடாது. எங்கே விரல் தடுமாறுகிறதோ அங்கே திருத்துங்கள்.

மூன்று மாதம் ஓடட்டும். அப்புறம் அதே நோட்டில் மறுபடி ஒரு வாரம் போனை எழுதச் சொல்லுங்கள். படூரில் இரண்டாம் முறை எழுதியபோது இருபத்தி இரண்டு போன்தான். வாடகை கேட்டவர் இருவர். மற்றவர்கள் பெரும்பாலும் “சனிக்கிழமை வந்து பார்க்கலாமா?” என்றார்கள். நாங்கள் எதிர்பார்க்காத புதுக் கேள்வி ஒன்றும் ஐந்து முறை வந்திருந்தது: “வீட்டில் இருந்தே வேலை. ஃபைபர் இன்டர்நெட் எந்தக் கம்பெனி கேபிள் இருக்கு?” மேனேஜர் அண்ணன் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மூன்று கம்பெனியின் பெட்டிகள் இருந்தன. அன்றைக்கே பக்கத்தில் ஏற்றினோம்.